இருபது வளைவு இறங்கி வந்த கரியன்: தலையில் அடிபட்ட நாயின் நிகழ்வு ஆய்வு

நோயாளி: நாட்டு நாய், ஆண், வயது 3, எடை 16 கிலோ. பெயர் கரியன். நிறம் செம்பட்டை, ஏன் அந்தப் பெயர் என்று கேட்க நினைத்து ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டேன்.

வீடு சேர்வராயன் மலையில், நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து லைனில். வளர்ப்பவர் அங்கே மேஸ்திரி. டிசம்பர் இரண்டாம் வாரம், பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். காலை 8.40 சுமாருக்கு, மேஸ்திரியின் ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் வழக்கம்போல் நின்றுகொண்டு போன கரியன், சாலையில் குரங்குக் கூட்டத்தைப் பார்த்ததும் பாய்ந்திருக்கிறான். வண்டி மெதுவாகத்தான் போயிருக்கிறது. ஆனால் அவன் விழுந்த இடத்தில் கருங்கல் கட்டை. வலது காதுக்கும் கண்ணுக்கும் நடுவே அடி. ஒரு நிமிடம் அசைவே இல்லை என்றார் மேஸ்திரி. அப்புறம் கால்களை உதைத்திருக்கிறான், எழ முடியவில்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் கிளினிக்குக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி 10.40. மேசைக்கு வந்த பிறகு நடந்தவை எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவைதான். வருவதற்கு முன்னால் போன அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இந்தக் கேஸை முழுதாக எழுதுகிறேன். அதில் நான் போனில் சொன்ன ஒன்று சரி, இன்னொன்று தப்பு.

போனில்

8.55-க்கு அழைப்பு வந்தது. "சார், கரியன் வண்டியிலருந்து விழுந்துட்டான்ங்க. தலையில அடி. கண்ணு ஒரு மாதிரி இருக்குது. மூச்சு இருக்குதுங்க."

மூச்சு இருக்கிறது என்று அவராகவே சொன்னது பாதி நிம்மதி. தலையில் அடி என்றால் எல்லோருக்கும் கண் தலைக்குத்தான் போகும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை மூச்சும் ரத்தப்போக்கும்தான். அடிபட்ட மூளைக்குப் பிராணவாயு குறைந்தாலும் ரத்த அழுத்தம் இறங்கினாலும், கல் செய்த சேதத்தோடு இன்னொரு சேதம் சேர்ந்துகொள்ளும். கல் செய்ததை யாராலும் திருப்ப முடியாது. இரண்டாவது சேதம் அடுத்த சில மணி நேரத்தில், சில சமயம் இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏறுவது. முதலுதவி, சிகிச்சை என்று நாம் செய்வதெல்லாம் இந்த இரண்டாவதைத் தடுக்கத்தான்.

"உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம்னு பாருங்கண்ணே. விரலால அமுக்கி விடுங்க. நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுது?" வெளிர் ரோஸ் நிறம், விட்டதும் வந்துவிடுகிறது என்றார். இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் இப்போதைக்குப் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மூக்கில் லேசாக ரத்தம். காதில் இல்லை. காயத்தில் கசிவு மட்டும்.

அதற்குள் லைன் வீட்டு ஆட்கள் சில வேலைகளை முடித்திருந்தார்கள். முகத்தில் தண்ணீர் அடித்தாகிவிட்டது. வாயில் சோடா ஊற்றப் பார்த்திருக்கிறார்கள். நல்ல வேளையாகக் கரியன் குடிக்கவில்லை. முன்னங்காலைப் பிடித்துத் தூக்கி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். காயத்தில் காப்பித் தூள் வைத்து அமுக்கியிருக்கிறார்கள். காப்பித் தோட்டத்தில் காயத்துக்குக் காப்பித் தூள் வைப்பதை நான் திட்டி நிறுத்திவிட முடியாது. கைக்காயத்தில் வைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று பேசாமல் இருந்துவிடலாம். மண்டையோட்டுக்கு மேல் வைப்பது வேறு விஷயம். உள்ளே எலும்பு உடைந்து அழுந்தியிருந்தால், மேலே அமுக்கிய கை அதை இன்னும் உள்ளே தள்ளும். தூள் அடைத்துக்கொண்டால் காயத்தின் ஆழமும் தெரியாது. சுத்தமான துணியை மேலே போட்டு மூடுங்கள், அமுக்க வேண்டாம் என்றேன்.

பின்னால் ஒரு பெண் குரல், "பாதி பாராசிட்டமால் குடுக்கலாமான்னு கேளுங்க" என்றது. வேண்டாம். சுயநினைவு சரியாக இல்லாத பிராணியின் வாயில் மாத்திரை, தண்ணீர், பால் எது போட்டாலும் நுரையீரலுக்குள் போய்விடலாம். அதோடு, நமக்கான வலி மாத்திரைகள் நாய்க்கு ஆகாது. இபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்கென்றால் பாராசிட்டமால் ஒரே மாத்திரை போதும், ஈறு பழுப்பாகி மூச்சுத் திணறிச் செத்துவிடும். மாடியிலிருந்து விழுந்த பூனை அடியில் தப்பி மாத்திரையில் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இடையில் "ஐயோ" என்று ஒரு சத்தம். தூக்கப் போன மேஸ்திரியின் கையைக் கரியன் கடித்துவிட்டான். மூன்று வருடம் தன் தட்டிலிருந்து சோறு போட்ட கை. அடிபட்ட நாய்க்கு அந்த நேரத்தில் ஆள் தெரியாது. இங்கேதான் என் தப்பு. "துண்டால வாயைச் சுத்திக் கட்டிட்டுத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டேன். சாதாரணக் கால் முறிவுக்குச் சொல்கிற வாசகம் அது, வாயில் தயாராக இருந்தது. தலையில் அடிபட்ட நாய் வாந்தி எடுக்கும். நினைவு மங்கிய நாய்க்கு வாயைக் கட்டினால் வாந்தி வெளியே வராது, உள்ளே போகும். மூக்கில் வேறு ரத்தம் இருந்தது, அவன் வாயால்தான் மூச்சுவிட வேண்டியிருக்கும். கனமான கோணிச் சாக்கைக் கைக்கு மறைப்பாகப் போட்டுத் தூக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இறக்கம்

வண்டி என்று கிடைத்தது மூட்டை ஏற்றும் குட்டி யானை. அதுவே காரைவிட வசதியாகப் போயிற்று. கோழிக் கூண்டின் மரக் கதவைக் கழற்றி அதன்மேல் கரியனை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பழைய போர்வையைக் கிழித்துத் தோளிலும் இடுப்பிலும் கட்டினார்கள். கழுத்தில் எதுவும் கூடாது, பட்டையைக்கூடக் கழற்றிவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன்.

கழுத்தைப் பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? மண்டையோடு விரிந்துகொடுக்காத டப்பா. உள்ளே மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர் என்று மூன்றும் அளவாக அடைந்திருக்கின்றன. மூளை வீங்கினால் மற்ற இரண்டும் இடம்விட்டுக் கொடுக்க வேண்டும். தலையிலிருந்து ரத்தம் திரும்பி இறங்குவது கழுத்துச் சிரைகள் வழியாக. பட்டையோ கயிறோ பிடித்த கையோ அவற்றை நெருக்கினால், வடிகாலை அடைத்துவிட்டு மேல்மடையைத் திறந்துவிட்ட வயல் கதைதான். உள்ளே அழுத்தம் ஏறும். தலைக்கு அடியில் தலையணை வைப்பதிலும் இதே சிக்கல், கழுத்து மடங்கிவிடும். தலையை மட்டும் தூக்கக் கூடாது. பலகையோடு சேர்த்து உடம்பின் முன்பகுதி முழுவதும் 15 முதல் 30 டிகிரி வரை உயர வேண்டும். தலைப்பக்கம் பலகைக்கு அடியில் பாதி நிரம்பிய ஒரு சாக்கைச் செருகச் சொன்னேன்.

அடுத்து நான் சொன்னது, சரியாகச் சொன்னது: "தலை வண்டியோட பின்பக்கம் இருக்கணும்." டிரைவருக்கு இது பிடிக்கவில்லை. தலைமாடு முன்னால் இருப்பதுதானே முறை என்றார். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 280 மீட்டர் போல. வழி நெடுக வண்டியின் மூக்கு கீழ்நோக்கித்தான் இருக்கும். பிரேக் போடும்போதெல்லாம் இன்னும் அழுந்தும். தலையை முன்னால் வைத்தால் மலை இறங்கும் நேரம் முழுதும் தலைகீழாகக் கிடத்திய கணக்கு. மலை ஏறும் வண்டி என்றால் தலை முன்னால். இதை எந்தப் புத்தகத்திலும் படித்ததாக நினைவில்லை. மலையிலிருந்து கேஸ் வரும் ஊரில் இருப்பதால் பட்டது.

இரண்டு பக்கமும் மூட்டைகளை முட்டுக் கொடுத்து, மேலே கம்பளி போட்டு, மேஸ்திரியும் ஒன்பதாவது படிக்கும் அவர் மகளும் பின்னாலேயே உட்கார்ந்தார்கள். "பாப்பா, நெஞ்சு ஏறி இறங்குறது ஒண்ணுன்னு வெச்சு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணிக்கிட்டே வா" என்றேன். மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், கீழே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

அவள் பால் பாயிண்ட் பேனாவால் இடது முன்னங்கையில் எழுதிவந்திருந்தாள். நேரம் எழுதவில்லை. அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டுப் பலகை இருக்கிறதே, அதை வைத்து எழுதியிருந்தாள்:

20 – 32
17 – 30
14 – வாந்தி
13 – துண்டு அவுத்தாச்சு
9 – 28
5 – கால் விறைச்சது
1 – 26

14-ஆவது வளைவில் நடந்ததை மேஸ்திரி பிறகு சொன்னார். வயிறு குலுங்க ஆரம்பித்ததும் அவள் அப்பாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவும் வழியில்லை. துண்டை இழுத்து அவிழ்த்துவிட்டு, கட்டிய பலகையோடு சேர்த்துக் கரியனை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். கழுத்து தனியாகத் திரும்பவில்லை, முதுகு முறுகவில்லை, வாந்தி வெளியே வழிந்தது. நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். நான் சொன்னதோ வாயைக் கட்ட.

அந்தக் கையைப் படம் எடுத்து கேஸ் ஷீட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

மேசையில்

உடல் சூடு 99.1 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு இது குறைவு, ஆனால் வேகமாகச் சூடேற்றவில்லை. லேசான குளிர்ச்சியை மூளை பொறுத்துக்கொள்ளும், சூட்டைப் பொறுக்காது. நாடித்துடிப்பு 124, மேல் ரத்த அழுத்தம் 128, மூச்சு 26, ரத்தத்தில் பிராணவாயு 93 சதவீதம். அதை 95-க்கு மேல் கொண்டுவர முகத்தருகே குழாயைப் பிடித்தோம். மூக்குக்குள் செருகினால் தும்முவான். ஒவ்வொரு தும்மலும் தலைக்குள் அழுத்தத்தை ஏற்றும்.

வலது கண்மணி இடதைவிடப் பெரியது. டார்ச் அடித்தால் இரண்டும் சுருங்கின, ஆனால் சோம்பலாக. கைதட்டினால் காது அசைந்தது. அவ்வப்போது கால்கள் விறைத்து நீண்டன.

மனிதர்களுக்கு 1974-ல் வந்த கிளாஸ்கோ கோமா அளவுகோலை நாய்க்குத் தக்கபடி மாற்றி வைத்திருக்கிறார்கள். அசைவு, கண் அனிச்சைகள், நினைவு மூன்றுக்கும் 1 முதல் 6 வரை; மொத்தம் 3-லிருந்து 18. கரியனுக்கு அசைவுக்கு 4, கண்ணுக்கு 5, நினைவுக்கு 3, ஆக 12. 2001-ல் 38 நாய்களை வைத்து வெளியான ஆய்வொன்றில், 8 எண் பெற்ற நாய் முதல் 48 மணி நேரம் பிழைப்பது பாதிக்குப் பாதி என்று கண்டார்கள். 12 என்றால் நம்பிக்கை உண்டு, உறுதி இல்லை. மேஸ்திரியிடமும் அப்படியே சொன்னேன். என்னைப் பொறுத்தவரை ஒரு முறை போடும் எண்ணைவிட, அரை மணிக்கு ஒரு முறை போட்டு அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் பயன்.

ரத்தம் எடுக்க உதவியாளர் பழக்கத்தில் கழுத்துக்குப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். முன்னங்காலில் எடுத்தோம். சர்க்கரை 186. தலைக்காயத்தில் சர்க்கரை ஏறுவது அடி பலம் என்பதன் அடையாளம்.

"குளுக்கோஸ் ஏத்துங்க சார், தெம்பு வரும்" என்றார் டிரைவர். நம் ஊரில் எந்தப் பாட்டில் தொங்கினாலும் அது குளுக்கோஸ்தான். இந்தக் கேஸில் நிஜமான குளுக்கோஸ் கூடாது. சர்க்கரை உடம்பில் கரைந்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர், அது வீங்கிய மூளைக்குள் போகும். நார்மல் சலைன் 240 மில்லி ஏற்றினோம், கிலோவுக்கு 15 கணக்கில். சிலர் மூளை வீங்கும் என்று பயந்து திரவமே கொடுக்காமல் காயப்போடுவார்கள். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் இறுகிய மண்டைக்குள் ரத்தத்தைத் தள்ள ஆளில்லை, அது இன்னும் மோசம்.

அடுத்த கேள்வி, வீக்கம் வற்ற ஸ்டீராய்டு ஊசி. இதை மேஸ்திரியின் மைத்துனர் போனில் கேட்டார். அவருடைய நாய்க்கு எப்போதோ போட்டார்களாம். நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான். மனிதர்களில் 10,008 பேரை வைத்து நடந்த 'கிராஷ்' ஆய்வு 2004-ல் வெளியானது. தலைக்காயத்துக்கு மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு வாங்கியவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், வாங்காதவர்களில் 17.9. அதோடு கதை முடிந்தது. நாய்களுக்கும் இப்போது பரிந்துரைப்பதில்லை. மைத்துனர் சமாதானம் ஆகவில்லை.

காயத்தைக் கழுவ அரை மணி நேரம் ஆனது. சலைன் ஊற்ற ஊற்ற டிகாக்ஷன் மாதிரி வடிந்தது. தூளெல்லாம் போன பிறகுதான் மூன்று சென்டிமீட்டர் பிளவு தெரிந்தது. எக்ஸ்ரேயில் அழுந்திய உடைவு எதுவும் தெரியவில்லை, ஆனால் மண்டையோட்டு எக்ஸ்ரேயை நம்பி எதுவும் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேனுக்காக அந்த நிலையில் அவனை இன்னொரு வண்டியில் குலுக்க எனக்கு மனம் வரவில்லை. வலிக்குச் சிறு அளவில் பியூட்டோர்ஃபனால். விளக்கை அணைத்து, கதவைச் சாத்தினோம்.

மதியம் 2.40-க்கு எண் இறங்கியது. நாடி 124-லிருந்து 64. ரத்த அழுத்தம் 186. வலது கண்மணி வெளிச்சத்துக்கு அசையவே இல்லை. நாடி குறையும்போது அழுத்தம் ஏறுவதைப் பார்த்து, நாய் அமைதியாகிவிட்டது, தூங்குகிறது என்று நினைத்துவிடுவது சுலபம். தலைக்குள் அழுத்தம் கட்டுமீறிப் போகிறது, மூளைக்கு எப்படியாவது ரத்தத்தைத் தள்ள உடம்பு கடைசி முயற்சி செய்கிறது என்பதற்கான அறிகுறி அது. குஷிங் அனிச்சை என்று பெயர்.

மூளை வீக்கத்திலிருந்து நீரை இழுத்து அழுத்தத்தைக் குறைக்கும் மேனிட்டாலுக்குக் கைவைத்தோம். கிலோவுக்கு அரை கிராம், 16 கிலோவுக்கு 8 கிராம், 20 சதவீதக் கரைசலில் 40 மில்லி. அலமாரியிலிருந்து எடுத்த பாட்டிலின் அடியில் கல்கண்டுத் தூள் போலப் படிகங்கள்! ஏ.சி. அறை அலமாரி, டிசம்பர் மாதம். மேனிட்டால் குளிரில் இப்படி உறையும், அப்படியே ஏற்றினால் படிகம் ரத்தக் குழாய்க்குள் போகும். கெட்டிலில் வெந்நீர் வைத்து, பாட்டிலை அதில் முக்கிக் குலுக்கி, கரைந்ததும் உடல் சூட்டுக்கு ஆறவைத்து, ஃபில்டர் உள்ள செட் போட்டு 20 நிமிடத்தில் ஏற்றினோம். கரைக்கவே பத்து நிமிடம் போனது. அந்தப் பத்து நிமிடம் நான் கெட்டிலை முறைத்துக்கொண்டு நின்றேன்.

3.40-க்கு வலது கண்மணி லேசாகச் சுருங்கியது. நாடி 92. மேனிட்டால் வேலை செய்தால் சிறுநீர் கொட்டும். கொட்டியது, மேசை விரிப்பு முழுக்க. போன திரவத்தைச் சலைனால் ஈடுகட்டினோம். இரவு 9 மணிக்கு எண் 14.

அப்புறம்

இரவு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தோம், கண் உலராமல் களிம்பு போட்டோம். மறுநாள் காலை எண் 15; தலையைத் தூக்கினான், மகளின் குரலுக்கு வாலை ஒரு தட்டுத் தட்டினான். ஆனால் காய்ச்சல் 103.4. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கரகரப்பு, எக்ஸ்ரேயில் வெண்திட்டு. வாந்தி கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. 14-ஆவது வளைவுக்கும் 13-ஆவது வளைவுக்கும் நடுவில், நான் கட்டச் சொன்ன துண்டு அவிழ்வதற்குள். தலைக்காயத்துக்காக மூன்று நாளில் அனுப்பியிருக்க வேண்டிய நாயை, ஆன்டிபயாடிக்குடன் ஆறு நாள் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மூன்று நாள் கட்டணத்தை நான் வாங்கவில்லை. காரணத்தையும் மேஸ்திரியிடம் சொன்னேன். "அட, விடுங்க சார்" என்றார்.

கிளினிக் போன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கேள்வித் தாளில் இப்போது, வாயைக் கட்டும் யோசனைக்கு முன்னால், நினைவு இருக்கிறதா, வாந்தி எடுத்ததா, மூக்கில் ரத்தமா என்று மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன.

மேஸ்திரியின் கையை எல்லோரும் மறந்துவிட்டோம். 11 மணிக்கு மேல்தான் பார்த்தேன். பல் இறங்கிய இரண்டு துளை. தன் நாய்தானே என்றார். கரியனின் வெறிநாய்த் தடுப்பூசி போன வருடத்தோடு காலாவதி. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். 0, 3, 7, 28 என்று நான்கு நாளும் தவறாமல் போய் ஊசி போட்டுக்கொண்டார். கரியன் பத்து நாள் தாண்டியும் நன்றாக இருந்தான், அதனால் அந்தக் கவலை தீர்ந்தது.

வீட்டுக்குப் போகும்போது கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் கொடுத்தேன். நடை வலது பக்கமாகச் சுற்றியது, தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று வாரத்தில் சுற்றுவது நின்றது. ஜனவரி கடைசியில் ஒரு நாள் விடிகாலை வலிப்பு வந்திருக்கிறது. மகள் கடிகாரத்தைப் பார்த்து 70 நொடி என்று சொன்னாள். தலைக்காயம் ஆறி வாரங்கள், மாதங்கள் கழித்தும் இப்படி வரலாம். 12 நாள் கழித்து இன்னொன்று வரவே, வலிப்பைத் தடுக்கும் ஃபீனோபார்பிட்டோன் 30 மில்லிகிராம் காலை, இரவு ஆரம்பித்தோம். அதன் பிறகு இதுவரை இல்லை.

மார்ச்சில் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். எடை 17 கிலோ. இரண்டு கண்மணியும் ஒரே அளவு. தலைச் சாய்வு மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, தண்ணீர் குடிக்கும்போது இடப்பக்கம் சிந்துகிறது. அதற்காகக் கிண்ணத்தைச் சுவரோரம் நகர்த்தி, அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருப்பதாகப் பாப்பா சொன்னாள்.